காவல்காரர் சுடலைக்கு வந்த கடிதம்

தாராவி,
7-1-1945

அம்மா பாகீரதி அவர்களுக்கு,

தாராவி இசக்கிப்பாண்டி வணக்கத்துடன் எழுதுவது. இந்தக் கடிதத்தை மூன்று நாளாக எழுதுகிறேன். அதனால் முதல் பக்கத்தில் ஒரு மசியும் இரண்டாம் பக்கத்தில் வேறு மசியும் இருக்கும். மன்னிக்கவும்.

மாட்டுங்கா பாலர் வாசகசாலையின் நாவல் பரிசுக்கு நடுவராகச் சேர்ந்திருக்கும் பன்னிரண்டு பேரில் நானும் ஒருவன். மற்ற பதினொரு பேரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். எனக்கு அறுபத்தொன்று நடக்கிறது. தோல் பதனிடும் வேலை. போன வருஷம்தான் எங்கள் தெரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் எழுத்துக் கற்றேன். வாசகசாலை நோட்டீஸில் ‘தமிழ் படிக்கக் கற்று மூன்று வருஷம் ஆகாதவர்கள் நடுவராகச் சேரலாம்’ என்று போட்டிருந்தது. வயது போடவில்லை. நான் போய் நின்றதும் செயலாளர் வேங்கடசுப்ரமணியன் ஐயா, “பெரியவரே, இது குழந்தைகளுக்கு” என்றார்.

“நோட்டீஸ்ல அப்படி இல்லையே சாமி.”

“எழுதலைன்னா என்ன? அர்த்தம் அதுதானே?”

“எழுதுனதப் படிக்கவே எனக்கு இப்பதான் வந்துருக்கு. எழுதாததப் படிக்க இன்னும் நாளாகும்லா.”

அவர் சிரித்துவிட்டுப் பெயரை எழுதிக்கொண்டார்.

பரிசுக்கு வந்த மூன்று நாவல்களும் கையெழுத்து நோட்டாகவே எங்களிடம் சுற்றுகின்றன. சண்டை நடக்கிற காலத்தில் காகிதம் கிடைப்பதில்லை. வாசகசாலைக்குப் பெர்மிட்டில் கிடைத்த காகிதம் ஒரே ஒரு புத்தகத்துக்குத்தான் காணும், பிப்ரவரி 25ஆம் தேதி யாருக்கு ஓட்டு அதிகமோ அவர் கதை அச்சாகும் என்றார்கள். வாசகர் கடிதம் எழுதினால் கதை எழுதினவர் தம் கையாலேயே பதில் போட வேண்டும் என்பதும் விதி. அந்த தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

உங்கள் ‘ஆர்மோனியத்தைத் தேடி’ எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் படிக்கிறேன். “தாத்தா, இன்னும் மூணாவது அத்தியாயத்துலயா இருக்கேள்? நான் மூணு நோட்டும் முடிச்சாச்சு!” என்று ஷ்யாமளா என்கிற பெண் கேலி செய்கிறது. பன்னிரண்டு வயது. செய்யட்டும். அவள் நாளைக்கு ஒரு நோட்டாக மூன்று நாளில் முடித்துவிட்டாள். நான் ஒவ்வொரு சொல்லிலும் ஏறி இறங்கிப் போகிறேன். அதில் சுகம் இருக்கிறது.

ஏழாம் அத்தியாயம் வந்தது. ஆர்மோனியத்தை ஒளித்துவைத்த கிடங்குக்குள் பிள்ளைகள் நாலு பேரும் போக வேண்டும். வாசலில் காவல்காரர் சுடலை நிற்கிறார். ஊரிலிருந்து வந்த கவரைப் படித்துச் சொல்லச் சொல்லி அவர் பிள்ளைகளிடமே கொடுக்கிறார். அவர்களில் கிட்டு என்கிற பையன் அதைப் பிரித்து, ‘உன் தம்பி இன்று மத்தியானம் இரண்டு பலாப்பழத்தோடு தாதர் ஸ்டேஷனில் இறங்குகிறான்’ என்று இல்லாததைப் படிக்கிறான். சுடலை ஓடுகிறார். பிளாட்பாரத்தில் இறங்குகிறவனை எல்லாம் நிறுத்தி, “பலாப்பழம் எங்கய்யா?” என்று கேட்கிறார். நான் சிரித்த சிரிப்பில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரி முருகம்மாள், “தனியா என்ன சிரிப்பு?” என்றாள். உரக்கப் படித்துக் காட்டினேன். அவளும் சிரித்தாள். பிறகு, “அது சரி, நெசமா அந்தக் கடுதாசில என்னதான் எழுதியிருந்துச்சு?” என்று கேட்டாள்.

பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நோட்டின் கடைசிவரைக்கும் விரல் வைத்துத் தேடினேன். சுடலை என்ற பெயரே அதற்கப்புறம் இல்லை.

என்ன எழுதியிருந்தது அம்மா?

இப்படிக்கு,
இசக்கிப்பாண்டி


மாட்டுங்கா,
12-1-1945

ஸ்ரீ இசக்கிப்பாண்டி அவர்களுக்கு, நமஸ்காரம்.

உங்கள் கடிதம் எனக்கு மிகுந்த சந்தோஷம் தந்தது. எனக்கு வந்த ஏழு கடிதங்களில் இதுதான் நீளமானது. மசி மாறியதில் ஒரு குறையும் இல்லை.

சுடலை ஒரே ஒரு அத்தியாயத்துக்காக வருகிறவர். பிள்ளைகளைக் கிடங்குக்குள் அனுப்புவதோடு அவர் காரியம் முடிந்துவிடுகிறது. கதையில் எல்லோரையும் கடைசிவரை கூட்டிக்கொண்டு போக முடியாது. அப்படிச் செய்தால் ஆர்மோனியம் கிடைக்கவே கிடைக்காது. அந்தக் கடிதத்தில் விசேஷமாக ஒன்றும் இல்லை. வழக்கமான க்ஷேம சமாசாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பலாப்பழ இடம்தான் புத்தகத்திலேயே நன்றாக இருப்பதாக மற்ற ஆறு கடிதங்களிலும் பிள்ளைகள் எழுதியிருக்கிறார்கள். ஷ்யாமளா வயிறு வலிக்கச் சிரித்தாளாம்.

மற்ற அத்தியாயங்களையும் படித்துவிட்டு எழுதுங்கள்.

பாகீரதி மகாதேவன்


தாராவி,
21-1-1945

அம்மா அவர்களுக்கு,

பதில் வந்தது. என் பெயருக்கு வந்து, நானே பிரித்து, நானே படித்த முதல் கடிதம் அது. தபால்காரன் வழக்கம்போல, “படிக்கவா?” என்றான். “வேண்டாம்” என்றேன். முருகம்மாளுக்குத்தான் படித்துக் காட்டினேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. நானும் ஒத்துக்கொள்ளவில்லை.

நீங்கள் கவர் என்று எழுதியிருக்கிறீர்கள். ‘சுடலை இடுப்பிலிருந்து கசங்கிய கவர் ஒன்றை எடுத்தார்’ என்று ஐந்தாம் வரியில் இருக்கிறது. உங்கள் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் கவர் வாங்குவீர்கள் போலிருக்கிறது. எங்கள் ஆட்கள் சுகம் சொல்லக் கவர் வாங்க மாட்டார்கள். அதற்குக் கார்டு இருக்கிறது. கார்டு ஊரெல்லாம் படித்துவிட்டு வந்தாலும் பாதகமில்லை. கவர் வாங்கினால் அதில் பேசக்கூடாத சேதி இருக்கிறது என்று அர்த்தம். நல்ல சேதி என்றால் மூலைக்கு மஞ்சள் தடவியிருப்பார்கள். மஞ்சள் தடவியிருந்ததாக நீங்கள் எழுதவில்லை.

ஆகையால் அந்தக் கவரில் ஏதோ இருக்கிறது. கிட்டு கையில் அது இருக்கிறது. அவன் படித்திருக்கிறான். உள்ளே இருப்பதைப் பார்த்துக்கொண்டேதானே பலாப்பழம் என்று சொல்லியிருக்கிறான்?

நான் குற்றம் சொல்லவில்லை. உங்கள் கதையில் ஒரு வீடு இருந்தால் அதற்குப் பின்வாசல் எங்கே என்றும் எனக்குத் தெரிய வேண்டியிருக்கிறது. பழக்கம் போதாத வாசகன், பொறுத்துக்கொள்ளவும்.

நேற்று தாதர் மார்க்கெட் போனேன். போகிற வழியில் கடைப் பலகை ஒன்று விடாமல் படித்துக்கொண்டே போனேன். டிராமைத் தவறவிட்டேன். அடுத்த டிராமும் போய்விட்டது.

இசக்கிப்பாண்டி


மாட்டுங்கா,
26-1-1945

ஸ்ரீ இசக்கிப்பாண்டி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று எனக்குக் கோபம் வந்தது என்பதை மறைக்கவில்லை. இரண்டு வருஷம் சமையல் முடித்த பிறகு உட்கார்ந்து எழுதிய கதை இது. சுடலையை ஒரு மத்தியானத்தில் எழுதி முடித்தேன். அந்த ஒரு மத்தியானத்தைப் பிடித்துக்கொண்டு நீங்கள் விடமாட்டேன் என்கிறீர்கள்.

கடிதத்தை என் கணவரிடம் காட்டினேன். அவர் ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா. கதை படிப்பவரே இல்லை. “கிழவர் கேட்கறது நியாயம்தானே பாகீ? அந்தப் பையன் என்ன படிச்சான்?” என்றார். அவரோடு ஒரு நாள் பேசவில்லை.

கார்டுக்கும் கவருக்கும் இப்படி ஒரு வித்தியாசம் இருப்பது எனக்குத் தெரியாது. எழுதும்போது கார்டு என்று தோன்றவே இல்லை. ஆனால் இப்போது கவரைக் கார்டாக மாற்றிவிட்டால் தீர்ந்துவிடுமா? தீராது என்றுதான் எனக்கும் படுகிறது. வேடிக்கையைக் கெடுத்தால் பிள்ளைகள் ஓட்டு போடமாட்டார்கள். அச்சாகவில்லை என்றால் இந்த நோட்டு என் டிரங்குப் பெட்டிக்குள் போய்விடும்.

இவ்வளவு கேட்கிறீர்களே, நீங்களே சொல்லுங்கள். அந்தக் கவரில் என்ன இருந்தது?

பாகீரதி


தாராவி,
4-2-1945

அம்மா அவர்களுக்கு,

சுடலை கவரில் என்ன இருந்தது என்று நான் சொல்லமாட்டேன். அவரைப் பெற்றது நீங்கள். எனக்கு வந்த கவரைப் பற்றிச் சொல்கிறேன். உங்களுக்குக் கவரைப் பற்றி எழுதிய பிறகுதான் அது என் ஞாபகத்துக்கு வந்தது.

1921இல் எனக்கு ஊரிலிருந்து ஒரு கவர் வந்தது. அப்போதெல்லாம் எனக்கு வரும் கடிதங்களைப் படிக்கிறவர் கரீம் பாட்சா. தோலுக்கு உப்புத் தடவி அடுக்கும் எங்கள் கிடங்கில் மேஸ்திரி. பம்பாய்க்கு வந்த நாள் முதல் எனக்குக் கூட்டாளி. அவர் படித்தார்: “எல்லாரும் சுகம். நல்ல மழை. வெள்ளைப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது.” கன்று போட்டதற்கா கவர் வாங்கினார்கள் என்று நான் கேட்கவில்லை. அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. சந்தோஷப்பட்டேன்; காய்ச்சல் தீர்ந்து வேலைக்குத் திரும்பிய அன்று கூட வேலை செய்தவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தேன். கவரைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகினேன். ஒவ்வொரு பொங்கலுக்கும் படத்தைத் துடைத்துப் பொட்டு வைக்கும்போது அதற்கும் ஒரு பொட்டு வைப்பாள் முருகம்மாள்.

போன ஞாயிறு அதை எடுத்தேன். காலையில் தொடங்கி மத்தியானம் வரைக்கும் படித்தேன். அதில் மழையும் இல்லை, பசுவும் இல்லை. ‘அண்ணனுக்குத் தம்பி பிரம்மநாயகம் எழுதுவது. அம்மா செவ்வாய்க்கிழமை விடியற்காலம் போய்விட்டாள். உன் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். காரியத்துக்காவது வந்து சேர்’ என்று இருந்தது.

சாவுச் சேதி வந்த காகிதத்தை நாங்கள் வீட்டில் வைப்பதில்லை. படித்ததும் கிழித்துத் தெருவில் போடுவோம். நான் இருபத்துநாலு வருஷம் சாமிக்குப் பின்னால் வைத்திருந்தேன்.

1923இல் அம்மாவுக்குச் சேலை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். வாசலில் தம்பி நின்றான். சொன்னான். “எனக்கு ஏன் எழுதலை?” என்று கேட்டேன். “எழுதினேன்” என்றான். “பொய் சொல்லுத” என்றேன். ஊர் கூடிவிட்டது. அன்றைக்கே திரும்பிவிட்டேன். அதோடு அவனும் நானும் பேசவில்லை, எழுதவில்லை. பம்பாய் வந்து கரீம் பாட்சாவிடம்தான் தம்பியை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பொய்யாகப் படித்தது ஒரு நாள். சும்மா உட்கார்ந்திருந்தது இருபத்திரண்டு வருஷம்.

இன்றைக்கும் அவரும் நானும் ஒரே கடையில்தான் டீ குடித்தோம். நான் ஒன்றும் கேட்கவில்லை. எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது.

நோட்டை அடுத்த பிள்ளைக்குக் கொடுத்துவிட்டேன். ஆர்மோனியம் கிடைத்த இடம் நன்றாக இருந்தது.

இசக்கிப்பாண்டி


மாட்டுங்கா,
13-2-1945

பெரியவருக்கு,

உடனே பதில் எழுத முடியவில்லை. எழுத உட்கார்ந்தால் கதைதான் வந்தது. புதிதாக ஒரு அத்தியாயம் எழுதியிருக்கிறேன். எட்டுப் பக்கம். உங்கள் அம்மாவை அதில் கொண்டுவரவில்லை. அதற்கு எனக்கு உரிமை இல்லை. சுடலையின் கவரில், அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, வந்து பார்த்துவிட்டுப் போ என்று இருக்கிறது. இன்னும் நாள் இருக்கிறது. ஆர்மோனியம் கிடைத்த சந்தோஷத்தில் பிள்ளைகள் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறார்கள். கிட்டுவுக்கு மட்டும் சாப்பாடு இறங்கவில்லை. நாலு பேரும் கிடங்கு வாசலுக்குத் திரும்பிப் போகிறார்கள். உண்மையைச் சொல்கிறார்கள். கவரை வாங்கிக் கிட்டு இந்தத் தடவை உள்ளபடி படிக்கிறான். சுடலை ரயிலேறிப் போய் அப்பாவைப் பார்த்துவிடுகிறார்.

முதலில் செயலாளர் மறுத்தார். கடைசியில், எல்லா நடுவர்கள் முன்னாலும் உரக்கப் படித்தால் சேர்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். 18ஆம் தேதி ஞாயிறு, மூன்று மணிக்கு. அவசியம் வாருங்கள்.

உங்களால் வந்த அத்தியாயம். உங்களுக்குப் பிடிக்கும் என்று நம்புகிறேன்.

கரீம் பாட்சா அவர்களிடம் பேசினீர்களா? கேட்கக்கூடாது என்றால் கேட்டதை விட்டுவிடுங்கள்.

பாகீரதி


மாட்டுங்கா,
27-2-1945

பெரியவருக்கு,

ஓட்டு எண்ணிக்கை உங்களுக்கும் தெரியும். தீவில் மாட்டிக்கொண்ட பிள்ளைகள் கதைக்கு ஆறு. எனக்கு ஐந்து. அணில் கதைக்கு ஒன்று.

ஓட்டுச் சீட்டில் பெயரும் காரணமும் எழுத வேண்டும் என்பதால் செயலாளர் எல்லாச் சீட்டையும் எனக்குக் காட்டினார். “அந்தப் புது சாப்டர்ல சிரிப்பே இல்ல மாமி” என்று என் முகத்துக்கு நேராகச் சொன்ன ஷ்யாமளாகூட எனக்குத்தான் போட்டிருக்கிறாள். ‘கிட்டு திரும்பிப் போனது எனக்குப் பிடித்தது, ஆனால் நானாயிருந்தால் போயிருக்க மாட்டேன்’ என்று எழுதியிருக்கிறாள்.

அணிலுக்குப் போன அந்த ஒரு ஓட்டு உங்களுடையது. ‘இந்த அணிலுக்குக் கோபம் வந்தால் கோபமாகவே இருக்கிறது’ என்று கோணல் எழுத்தில் காரணம். பெயரைப் பார்க்கவே வேண்டாம்; உங்கள் எழுத்து எனக்குத் தெரியாதா?

நான் உங்களிடம் ஓட்டுக் கேட்கவில்லை. கேட்டதே இல்லை. ஆனால் நீங்கள் கேட்டதால்தான் அந்த அத்தியாயத்தை எழுதினேன். வேடிக்கையாக இருந்த புத்தகத்தை வேறு மாதிரி ஆக்கினேன். உங்கள் ஒரு ஓட்டு இருந்திருந்தால் ஆறுக்கு ஆறு. சீட்டுக் குலுக்கியிருப்பார்கள். இப்போது காகிதம் போய்விட்டது. அடுத்த பெர்மிட் எப்போதென்று யாருக்கும் தெரியாது.

அன்று கூட்டத்தில் நான் படித்து முடித்ததும் பிள்ளைகள் கைதட்டினார்கள். நீங்கள் தட்டவில்லை. செருப்பைத் தேடிக்கொண்டு போய்விட்டீர்கள். என்ன தப்பு செய்தேன்? விதிப்படி நீங்கள் எனக்குப் பதில் எழுத வேண்டியதில்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

பாகீரதி


தாராவி,
11-3-1945

அம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை ஏழு தடவை படித்தேன். கோபப்படுகிறீர்கள். படவேண்டியதுதான்.

நீங்கள் படித்த அத்தியாயத்தில் தப்பு ஒன்றும் இல்லை. கிட்டு சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்த இடத்தை வீட்டுக்கு வந்து முருகம்மாளிடம் அப்படியே சொன்னேன். திரும்பிப் போகிற வழியில் நாலு பேரும், யார் முதலில் பேசுவது என்று சண்டை போட்டுக்கொண்டார்களே, அது நிஜம். கடைசியில்தான் கதையோடு என்னால் கூட வரமுடியவில்லை. கடிதத்தைக் கேட்டு முடித்ததும் சுடலை சிரித்து, கிட்டு கன்னத்தில் தட்டி, “போங்கடா திருட்டுப் பயலுவளா” என்கிறார். நாலு வரி. நாலு வரியில் அவருக்குக் கோபம் தீர்ந்துவிட்டது. அன்றைக்கு நான் கவரைப் படித்து மூன்று வாரம் ஆகியிருந்தது. எனக்கு ஒரு வரிகூடத் தீரவில்லை. நான் அங்கே உட்கார்ந்து கைதட்டினால், நாளைக்குப் பாட்சா முகத்தைப் பார்க்கும்போது என்ன செய்வேன் என்று பயம் வந்தது. எழுந்துவிட்டேன்.

ஓட்டு போடும்போது உண்மையைத்தானே எழுத வேண்டும்? உங்கள் புத்தகம் அச்சாக வேண்டும் என்று ஆசை இருந்தது. இருந்தும் சீட்டில் கை போகவில்லை. அணில் கதை அவ்வளவு நல்ல கதை இல்லை. உங்களுக்கும் தெரியும்.

ஆனால் உங்கள் அத்தியாயம் என்னை விடவில்லை. பிள்ளைகள் திரும்பிப் போனார்கள். பாட்சா அப்படி ஒரு நாள் என்னிடம் வருவார் என்று காத்துக்கொண்டிருந்தேன். அவர் எப்படி வருவார்? கவர் என்னிடம் அல்லவா இருக்கிறது?

போன வெள்ளிக்கிழமை அவர் தொழுகை முடித்து வந்ததும் டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து கவரை அவர் கையில் வைத்தேன்.

“பாட்சா, இத ஒரு தடவ படி.”

கவரைப் பார்த்தார். எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் சாமி படத்துக்குப் பின்னால் அதைப் பார்த்திருக்கிறார். பொட்டெல்லாம் இருந்தது. தெரியாமல் இருக்குமா?

“நீதான் இப்ப படிக்கியே பாண்டி. என்ட்ட எதுக்கு?”

“நான் படிச்சுட்டேன். நீ படி.”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். திரும்பவும் துடைத்தார். பிறகு படித்தார். ‘அண்ணனுக்குத் தம்பி பிரம்மநாயகம் எழுதுவது’ என்பதிலிருந்து கீழே கையெழுத்து வரைக்கும். அம்மா என் பெயரைச் சொன்ன இடத்தில் நின்றுவிட்டார். எனக்கு அந்த வரி மனப்பாடம். நான் எடுத்துக்கொடுக்கவில்லை. காத்திருந்தேன். அவரே படித்தார்.

“எட்டு நாளு காய்ச்சல்ல கெடந்து அன்னைக்குத்தான் நீ கஞ்சி குடிச்ச. இதச் சொன்னா செத்துருவன்னு பயந்தேன். ரெண்டு நாள் கழிச்சுச் சொல்லலாம்னு இருந்தேன்.”

“அது ஒரு நாளுக்குச் சரி பாட்சா. மத்த நாளுக்கு?”

அவர் கவரை மடித்து என் கையில் கொடுத்தார். டீ வந்தது. இரண்டு பேரும் குடிக்கவில்லை. கடைக்காரன் இரண்டு தடவை பார்த்துவிட்டுப் போனான். நான் சிரிக்கவில்லை. அவர் கன்னத்தில் தட்டவில்லை. எழுந்து போகவும் இல்லை. அவரும் போகவில்லை. சங்கு ஊதினபோது சேர்ந்து வேலைக்குப் போனோம்.

மன்னித்தாயா என்று முருகம்மாள் கேட்டாள். தெரியவில்லை என்றேன். சுடலை என்ன செய்வார் என்று நீங்கள் என்னிடம் கேட்டால் அதுவும் எனக்குத் தெரியாது. நான் செய்தது இது.

உங்கள் நோட்டை டிரங்குப் பெட்டியில் பூட்டாதீர்கள் அம்மா. எங்கள் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் என்னைப்போல இன்னும் பதினாறு பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் உரக்கப் படித்துக் காட்டலாமா? மெதுவாகத்தான் படிப்பேன். பலாப்பழ இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள், அதற்கு நான் பொறுப்பு. அதற்கப்புறம் யார் என்ன கேட்கிறார்கள் என்று எழுதி அனுப்புகிறேன்.

கடிதத்தை இங்கே முடிக்க வேண்டும். இன்னொரு கடிதம் பாதியில் கிடக்கிறது. பாதி என்றுகூடச் சொல்ல முடியாது. நாலு நாளில் ஒரு வரிதான் எழுதியிருக்கிறேன்:

‘தம்பி பிரம்மநாயகத்துக்கு, உன் கடிதம் கிடைத்தது.’

இப்படிக்கு,
இசக்கிப்பாண்டி